பத்தியப் பாண்

பாரதிபுரம்,
கிளிநொச்சி.
ஆனி மாதம், ஞாயிற்றுக்கிழமை

யதுவின் அப்பாவுக்கு,

சுமித்திரா எழுதுகிறேன். நாங்கள் எல்லோரும் இங்கே நல்ல சுகம், உங்கள் சுகத்தை அறிய ஆவல் என்று தொடங்கத்தான் பள்ளிக்கூடத்தில் பழக்கினார்கள். பிள்ளை என்னிடம் இல்லாதபோது எல்லோரும் சுகம் என்று எப்படி எழுதுவது? நீங்கள் சுகமாகத்தான் இருப்பீர்கள். உங்கள் தங்கச்சி ஜெயரூபி முகநூலில் போட்ட படத்தில் கொஞ்சம் உடம்பு வைத்திருக்கிறீர்கள். பாரிஸ் தண்ணி ஒத்துக்கொண்டுவிட்டது போல.

இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று நினைப்பீர்கள். என் இலக்கத்தை நீங்கள் தடுத்து வைத்திருக்கிறீர்கள். அம்மாவின் போனில் இருந்து எடுத்தேன், அதையும் தடுத்தீர்கள். பக்கத்து வீட்டு ராஜினி அக்காவின் போனில் எடுத்தபோது, நான்தான் என்று சொன்னதும் வைத்துவிட்டீர்கள். கடதாசியைத் தடுக்கிற பட்டனை இன்னும் ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. ராஜினி அக்காவின் தம்பியும் பாரிஸில்தான், வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு வந்து நிற்கிறார். வருகிற சனிக்கிழமை திரும்புகிறார். உங்கள் கையிலேயே கொடுக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். கிழிப்பதென்றால் வாசித்துவிட்டுக் கிழியுங்கள்.

எனக்கு என்ன வேண்டும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், உங்களுக்கு நீட்டுக் கதைகள் பிடிக்காது. மாமிக்கு ஒருதரம் போன் எடுத்து, யதுவை ஒரு நாளைக்கு என்னோடு யாழ்ப்பாணம் அனுப்பச் சொல்லுங்கள். பிள்ளையின் இரத்தத்தைச் சோதிக்க வேண்டும். இவ்வளவுதான். உங்களை வரச் சொல்லவில்லை. என்னைத் திரும்ப அந்த வீட்டுக்கு எடுக்கச் சொல்லவும் இல்லை.

ஏன் என்று இனி எழுதுகிறேன்.

என் தோலில் இருக்கிற வருத்தத்துக்குப் பெயர் கிடைத்துவிட்டது. ராஜினி அக்காதான் விடாப்பிடியாக யாழ்ப்பாணத்துக்கு ஒரு தோல் டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். பொம்பிளை டொக்டர். நான் கதிரையில் இருந்து சட்டைக் கையை மடித்துக் காட்டினேன். ஒரு கையைப் பார்த்துவிட்டு மற்றக் கையையும் நீட்டச் சொன்னார். பிறகு முழங்கால், பிடரி, இடுப்புக்குக் கீழே. இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் கூட்டம் கூட்டமாகக் கொப்புளம், சொறிந்து உடைத்த காயம். எல்லாவற்றையும் பார்த்து முடித்து, வயிறு எப்படி என்று கேட்டார். தோலைக் காட்ட வந்தவளிடம் வயிற்றைக் கேட்கிறாரே என்று எனக்கு ஒரு மாதிரிப் போய்விட்டது. இத்தனை வருடத்தில் யாரும் அதைக் கேட்டதில்லை. வயிறு பொருமும், அடிக்கடி வயிற்றால் போகும், வாய்க்குள் புண் வரும், யது வயிற்றில் இருந்த காலம் தொட்டு இரத்தம் குறைவென்று குளிசை விழுங்குகிறேன் என்று சொன்னேன். அதெல்லாம் வேறு வேறு சில்லறை வருத்தங்கள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

தோலில் சின்னத் துண்டு வெட்டிச் சோதனைக்கு அனுப்பினார். இரத்தமும் எடுத்தார். மறுமுறை போனபோது சொன்னார், "இது தோல் வருத்தம் இல்லைத் தங்கச்சி. குடலின்ர வருத்தம், தோலில வந்து சொல்லுது." சீலியாக் என்று பெயராம். கோதுமைக்குள் குளூட்டன் என்று ஒரு பசை இருக்கிறதாம். மா குழைக்கும்போது இழுபடுகிறதே, அதுதான். ஊரில் எல்லோருக்கும் அது ஒன்றும் செய்யாது, சிலருடைய உடம்புக்கு மட்டும் ஆகாது. குடலை உள்ளே கெடுத்துவிடும், சாப்பிடுகிற சத்து உடம்பில் சேராது. அப்படியானவர்களிலும் சிலருக்குத்தான் இப்படித் தோலில் வெளிவருமாம். சொறிகிறவர்களுக்கு எல்லாம் இதுதான் என்று இல்லை, எங்கள் பக்கத்தில் இது அரிது, அதனால்தான் ஒருவருக்கும் யோசனை வரவில்லை என்றார். தொற்றுமா என்று கேட்டேன். தொற்றாது என்றார். நம்பிக்கையில்லாமல் திரும்பவும் கேட்டேன், திரும்பவும் அதையே சொன்னார். அந்த இடத்திலேயே எனக்கு அழுகை வந்துவிட்டது. தொற்றாது, ஆனால் இரத்த உறவில் வரலாம் என்று சொல்லிவிட்டு, பிள்ளைகள் இருக்கிறார்களா என்று கேட்டார்.

மருந்து என்னவென்று கேட்டால் சிரிப்பீர்கள். கடியும் அரிப்பும் அடங்க ஒரு குளிசை. மற்றப்படி உயிர் உள்ளவரைக்கும் கோதுமையை விடவேண்டும். சோறு சாப்பிடலாம். அரிசிமாப் புட்டு, குரக்கன், மரவள்ளி, மீன், இறால், முட்டை, கத்தரிக்காய் எல்லாம் சாப்பிடலாம். அதாவது, மாமி எனக்குக் கூடாது என்று நிறுத்தினது எல்லாம் கூடும். சாப்பிடு, சாப்பிடு என்று தந்தது ஒன்றும் கூடாது.

உங்களுக்கு நினைவிருக்கும். கலியாணம் முடித்து வட்டக்கச்சிக்கு வந்த வருடம்தான் என் முழங்கையில் முதல் கொப்புளம் போட்டது. மாமி அதைக் கிரந்தி, ஒவ்வாத சாப்பாட்டில் வருகிற சொறி என்றார். கத்தரிக்காய், தக்காளி, இறால், கணவாய் எல்லாவற்றையும் நிறுத்தினார். இரவுச் சோறு குளிர் என்று அதுவும் நின்றது. ஆறு போகம் கண்ட நெல்லு அடுக்கிக் கிடக்கிற வீட்டில் எனக்கு மட்டும் பத்தியப் பாண், பேக்கரியில் கோதுமை மாவில் சுட்டது. அடுப்பில் வாட்டி, தேத்தண்ணியோடு கோப்பையில் வைத்துக் கட்டிலுக்கே கொண்டுவந்து தருவார். வருத்தம் பார்க்க வந்த சனம் எல்லாம் விசுக்கோத்துப் பைக்கற்றோடு வந்தார்கள். வெறுங்கையோடு வருத்தம் பார்க்கப் போவது எங்கள் ஊரில் மரியாதை இல்லையே. அலுமாரித் தட்டு நிறைய விசுக்கோத்து. தின்னத் தின்னச் சொறிந்தேன். சொறியச் சொறியப் பத்தியத்தை இறுக்கினார்கள்.

மாமி கெட்ட மனுசி என்று நான் எந்த இடத்திலும் சொல்லவில்லை. வேப்பெண்ணெயைச் சூடாக்கி என் முதுகில் தன் கையாலே பூசிவிட்டவர். கெட்டவராக இருந்திருந்தால் பழஞ்சோற்றைப் போட்டு மூலையில் இருத்தியிருப்பார். நானும் சுகப்பட்டிருப்பேன்.

சுகப்பட்டும் இருந்தேன்தானே, ஒரு வருடம். நாட்டில் மாவும் எரிவாயுவும் எண்ணெயும் இல்லாமல் போன வருடத்தை மறந்திருக்க மாட்டீர்கள். முதலில் பாணுக்கு வரிசை. பிறகு வரிசையில் நின்றாலும் பாண் இல்லை. மாமா கட்டி வைத்திருந்த நெல்லைக் குத்தி மூன்று வேளையும் சோறும் கஞ்சியும், இடையில் மரவள்ளி. சனம் எல்லாம் அரசாங்கத்தைத் திட்டிக்கொண்டிருந்தது. எனக்கு மட்டும் கை ஆறிக்கொண்டு வந்தது. ஒருநாள் நீங்களே என் கையைத் தடவி, இது ஆரின்ர கை என்று பகிடி பண்ணினீர்கள். அந்தச் சந்தோசத்தோடுதான் நீங்கள் பயணம் போனீர்கள். விமான நிலையத்தில் நான் கட்டைக் கைச் சட்டை போட்டு நின்றேன்.

அப்போது மாவைப் பற்றி ஒருவருக்கும் யோசனை வரவில்லை, எனக்கும்தான். ஏனென்றால் மாமி வற்றாப்பளை அம்மாளாச்சிக்கு நேத்தி வைத்திருந்தார். தோல் ஆறினால் பொங்கலுக்கு நான் கற்பூரச்சட்டி எடுப்பேன் என்று. தோல் ஆறியது. ஆற்றியது அம்மாளாச்சி. அடுத்த வைகாசி வந்தபோது, அந்தக் கிழமை பார்த்து எனக்கு மாதவிலக்கு வந்தது. சட்டி எடுக்க முடியவில்லை. அந்தக் காலத்தில்தான் மா விலையும் இறங்கி, வீட்டுக்குப் பாண் திரும்ப வரத் தொடங்கியது. ஆடிக்குள் இரண்டு முழங்கையும் பழையபடி ஆகிவிட்டன. யாருக்கு என்ன தெரிய வேண்டும்? நேத்தி நிறைவேறாமல் பிழைத்துவிட்டது, அம்மாளாச்சிக்குக் கோபம், முடிந்தது கதை.

அந்த ஆடியில் ஒருநாள் நான் குசினிக்குள் நின்றேன். மாமி வெளியில் பக்கத்து வளவு நேசமலர் அன்ரியோடு கதைத்தது எனக்குக் கேட்டது. தோட்டத்துச் சனத்துக்குச் சுத்தம் எங்கே தெரியும், தெய்வ காரியத்திலும் அப்படித்தான் என்றார். என் தாத்தா தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தவர்தான். கலவரத்துக்குத் தப்பி இங்கே வந்து காடு வெட்டியவர்தான். உங்கள் வயலில் அறுவடைக்கு என் அப்பா இறங்கும்போது அந்தச் சுத்தத்தை ஒருவரும் கேட்டதில்லை. இதை அப்போது கேட்டிருக்க வேண்டும். வாயில் வந்ததை விழுங்கிக்கொண்டு தேங்காய் துருவினேன்.

பிறகு நடந்தது உங்களுக்கும் தெரியும், அரைவாசி நீங்கள் சொல்லித்தான் நடந்தது. நான் படிப்பித்த முன்பள்ளியில் தாய்மார் என் கையைப் பார்த்துக் குட்டம் என்று கதை கட்டினார்கள். கொஞ்ச நாள் ஓய்வெடுங்கோ ரீச்சர் என்றார்கள். நீங்கள் போனில், சுகம் வரும்வரைக்கும் உன் அம்மா வீட்டில் இரு என்றீர்கள். பிள்ளைக்குத் தொற்றிவிடும், அவள் வட்டக்கச்சியிலேயே இருக்கட்டும் என்றும் நீங்கள்தான் சொன்னீர்கள். நாலு உடுப்போடு வந்தேன். சில கிழமைகள்தானே என்று யதுவுக்குச் சொல்லிவிட்டு வந்தேன்.

இங்கே வந்தால் இங்கே ரொட்டி. தோட்டத்தில் மாவைத் தின்று வளர்ந்த சனம், அந்தப் பழக்கம் விடுமா? அம்மா விடியற்காலையில் தேங்காய்ப்பூப் போட்டு, கட்டைச் சம்பலோடு மொத்த ரொட்டி சுடுவா. என் வருத்தம் இன்னும் கூடியது. டொக்டர் சொன்னதை வந்து சொன்னபோது அம்மா மாவைக் குழைத்துக்கொண்டு இருந்தா. கையைக் கழுவாமல் அப்படியே இருந்துவிட்டா. உங்களுக்கு என் அண்ணன் தர்ஷனைத் தெரியாது. சண்டை முடிந்து முள்வேலி முகாமில் இருந்தபோது செத்தவன். வயிறு முன்னுக்குத் தள்ளி, கை கால் குச்சியாகி, எந்த நாளும் வயிற்றால் போய், கடைசியில் எழும்ப முடியாமல் கிடந்தான். முகாமில் நிவாரணம் என்று தந்தது மாதான். தண்ணீர் பிழை என்று எல்லோரும் சொன்னார்கள். அம்மா இப்போது சொல்கிறா, "எங் கையாலதான சுட்டுச் சுட்டுக் குடுத்தேன்." அவனை யாரும் சோதிக்கவில்லை, தண்ணீராகத்தான் இருந்திருக்கும் என்று நான் சொல்லிப் பார்த்துவிட்டேன். கேட்கிறா இல்லை. அன்றோடு எங்கள் வீட்டில் மா வாங்குவது நின்றுவிட்டது. இந்த வயதில் அப்பா கூலிக்குப் பதில் அரிசியாகத் தரச் சொல்லி வாங்கிக்கொண்டு வருகிறார். எனக்கு இப்போது கை ஆறத் தொடங்கியிருக்கிறது.

இனி யதுவைப் பற்றி.

போன மாதம் பொங்கலுக்கு வற்றாப்பளைக்குப் போனேன். அந்தச் சனத்துக்குள் ஜெயரூபி பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். கொதிக்கிற வெயிலில் பிள்ளைக்கு நீட்டுக் கைச் சட்டை. யது என்னைக் கண்டதும் கையை உதறிக்கொண்டு ஓடி வந்தாள். வந்ததும் வராததுமாகச் சட்டைக் கையை இழுத்து மேலே விட்டு, "அம்மா பாருங்கோ, எனக்கும் உங்கட மாதிரி வந்திட்டுது" என்றாள். முறைப்பாடாகச் சொல்லவில்லை, கிருசாந்தன். சந்தோசமாகச் சொன்னாள். அம்மாவின் பொருள் ஒன்று தனக்குக் கிடைத்துவிட்டது என்ற மாதிரி.

இரண்டு முழங்கையிலும், ஒரே இடத்தில். ஆறு வயதுப் பிள்ளை, நாலு வயதுச் சட்டை அளவு. கன்னத்தில் இரத்தமே இல்லை. தூக்கிப் பார்த்தேன், வயிறு மட்டும் முட்டிக்கொண்டு கிடக்கிறது. அதற்குள் ஜெயரூபி வந்து இழுத்துக்கொண்டு போய்விட்டாள். இப்போது உங்கள் வீட்டில் என்ன சொல்கிறார்கள் தெரியுமா? நான் கோயிலில் பிள்ளையைத் தொட்டதால்தான் அவளுக்கு ஒட்டியதாம். நான் தொடுவதற்கு முன்பே நீட்டுக் கைச் சட்டை எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை.

நேசமலர் அன்ரி இரகசியமாகப் போன் எடுத்துச் சொன்னார், யதுவுக்கும் பத்தியம் தொடங்கிவிட்டதாம். மீன் இல்லை, முட்டை இல்லை, சோறு ஒரு நேரம்தான். விடியப் பாண், இடையில் விசுக்கோத்து, இரவில் அவித்த கோதுமை மா இடியப்பம். நீங்கள் அனுப்புகிற தகர டப்பா விசுக்கோத்தைப் பாலில் நனைத்துத் தன் கையால் ஊட்டுகிறாராம் மாமி. அவ்வளவு பாசம்.

இதில் இன்னொரு கொடுமை இருக்கிறது. இரத்தம் சோதிக்கும்வரைக்கும் மாவை நிறுத்தக் கூடாது என்று டொக்டர் படித்துப் படித்துச் சொன்னார். நிறுத்திவிட்டால் இரத்தத்தில் காட்டாதாம். ஆகவே, பிள்ளைக்குப் பாண் கொடுக்காதீர்கள் என்று கத்தவும் எனக்கு இப்போது வழியில்லை. சோதிக்கிற நாள் வரைக்கும் அவள் தின்னத்தான் வேண்டும். அந்த நாள் கெதியாக வரவேண்டும், அவ்வளவுதான். அதற்குத்தான் உங்கள் ஒரு போன். உங்கள் சொல் இல்லாமல் மாமி பிள்ளையைப் படலைக்கு வெளியே விடமாட்டார்.

புதன்கிழமை

கடிதத்தை ஒட்டாமல் வைத்திருந்தேன். உங்கள் பதிலுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லாமல் நேற்று நானே வட்டக்கச்சிக்குப் போனேன். அப்பா சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனார். மதகடியில் இறங்கி, நீ போய் வா புள்ள என்று அங்கேயே நின்றுகொண்டார். உங்கள் வீட்டுப் படலைக்குள் அவர் எப்போது வந்தார், இப்போது வர?

மாமா வயலுக்குப் போயிருந்தார். மாமி மாமரத்துக்குக் கீழே இருந்து செத்தல் மிளகாய்க்குக் காம்பு முறித்துக்கொண்டு இருந்தார். இரு என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. நான் முன்பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்கிற மாதிரி ஆறுதலாக எல்லாவற்றையும் சொன்னேன். மாமி இடைமறிக்காமல் முழுவதையும் கேட்டார். பிள்ளை மெலிகிறாள் என்று தனக்கும் பயமாகத்தான் இருக்கிறது என்றார். எனக்கு நெஞ்சுக்குள் ஒரு நம்பிக்கை வந்தது. அதற்குப் பிறகு சொன்னார், "மாவில வருத்தமெண்டால் இந்த ஊரே சொறிஞ்சுகொண்டெல்லே திரியோணும். நாங்களும் அதே பாணைத்தானே தின்னுறம்?" எல்லோருடைய உடம்பும் ஒன்றில்லை மாமி, உங்களுக்கு நண்டு தின்றால் முகம் வீங்கும், எனக்கு வீங்காதே என்றேன். நேத்தியைப் பிழைக்க விட்டுவிட்டு இப்போது பாணில் பழி போட வந்திருக்கிறாய் என்றார்.

சரி, மகனிடமே கேட்கிறேன் என்று போனை எடுத்தார். ஸ்பீக்கரில் போட்டார். நான் பக்கத்தில் நின்றது உங்களுக்குத் தெரியாது. அவள் பிள்ளையை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோய் இரத்தம் எடுக்கக் கேட்கிறாள், என்ன செய்ய என்று மாமி கேட்டார். நீங்கள் சொன்னதை உங்களுக்கே எழுதுகிறேன், மறந்திருப்பீர்கள். "எனக்கு உதுகள் விளங்காது அம்மா. நீங்கள் என்ன சொல்லுறியளோ அதுதான். எனக்கு வேலைக்கு நேரமாச்சு."

இரண்டு வருடத்துக்குப் பிறகு உங்கள் குரலைக் கேட்டேன். மாறவேயில்லை.

சத்தம் கேட்டு யது உள்ளே இருந்து வந்தாள். கையில் விசுக்கோத்து. என்னைக் கண்டதும் பாதியை முறித்து நீட்டினாள். மாமி பார்த்துக்கொண்டு இருந்தார். வேண்டாம் என்றால் பிள்ளையின் முகம் சுருங்கிவிடும். வாங்கித் தின்றேன். டொக்டர் கேட்டால் ஏசுவார். இன்றைக்கு வயிறு பொருமிக்கொண்டு கிடக்கிறது, பரவாயில்லை. பிள்ளையின் கையால் வாங்கித் தின்று எவ்வளவு காலம்.

நான் படலையைத் திறக்கும்போது மாமி பின்னால் இருந்து சொன்னார், "அம்மாளாச்சி சொன்னால் நான் சோத்தையும் விடுவன். நீ சொல்லி ஒண்டையும் விடமாட்டன்." சத்தியமாகத்தான் சொன்னார். அது பொய் பேசாத வாய்.

பொலிசுக்குப் போவோம் என்று அப்பா வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். எனக்கும் அந்த யோசனை வராமல் இல்லை. கிராம சேவகரிடம் ஏற்கெனவே கேட்டுவிட்டேன். பிள்ளை பள்ளிக்கூடம் போகிறது, நல்லாகச் சாப்பிடக் கொடுக்கிறார்கள், இதில் என்னவென்று முறைப்பாடு எழுதுவது என்று கேட்டார். நல்லாகச் சாப்பிடக் கொடுப்பதுதான் ஐயா முறைப்பாடு என்று அவருக்கு எப்படி விளங்கப்படுத்துவது? அந்த வழியையும் நான் விடப்போவதில்லை. ஆனால் வழக்கு, விசாரணை என்று அது இழுபடும். யதுவின் உடம்பு அதுவரைக்கும் பார்த்துக்கொண்டு நிற்காது.

ஆகையால் மேலே கேட்டதை விட்டுவிடுங்கள். தாயை எதிர்த்துக் கதைக்க உங்களால் ஏலாது. ஏலாததைக் கேட்டு உங்களையும் கரைச்சல்படுத்தி நானும் ஏமாறுவதில் பிரயோசனம் இல்லை. உங்களால் ஏலுமான ஒன்றைக் கேட்கிறேன். மாமி வெள்ளிக்கிழமைகளில் விடிய விரதம் இருந்து கோயிலுக்குப் போய்வருவார். இந்தக் கடிதம் கிடைத்து வருகிற முதல் வெள்ளிக்கிழமை, அவர் வந்து கதிரையில் இருக்கிற நேரம் பார்த்துப் போன் எடுங்கள். எடுத்து இப்படிச் சொல்லுங்கள்:

"அம்மா, அம்மாளாச்சி கனவில வந்தவ. சுமித்திரா பிழைக்க விட்ட நேத்திக்குப் பிள்ளை விரதம் காக்கோணுமாம். அவள் பெரியபிள்ளை ஆகும்வரைக்கும் கோதுமை வாயில படக்கூடாதாம்."

கோதுமை என்றால் பாண் மட்டும் இல்லை என்று விளங்கச் சொல்லுங்கள். விசுக்கோத்து, ரஸ்க், ரவை, நூடில்ஸ், கடையில் வாங்குகிற ரோல்ஸ் எல்லாம் சேர்த்தி. இடியப்பம் அவிப்பதென்றால் அரிசிமாவில் மட்டும். மீனும் முட்டையும் அம்மாளாச்சியே கொடுக்கச் சொன்னா என்று சொல்லுங்கள். நீங்களும் அந்த டப்பாக்களை அனுப்புவதை நிறுத்துங்கள். பெரியபிள்ளை ஆனபிறகு என்ன செய்வது என்று யோசிக்காதீர்கள். அந்த வயதில் அவளே என்னைத் தேடி வருவாள், மிச்சத்தை நான் சொல்லிக்கொள்கிறேன்.

டொக்டர் இதைக் கேள்விப்பட்டால் என்னைத் திட்டுவார். முதலில் இரத்தம், பிறகுதான் மாவை நிறுத்துவது என்றவர். பிள்ளையையே தராத இடத்தில் நான் எந்த இரத்தத்தை எடுப்பது? நிறுத்தினால் யதுவின் கை ஆறும், உடம்பு தேறும். தேறினதும் எல்லாம் அம்மாளாச்சியின் அருள் என்பார்கள். நேத்தியைப் பிழைக்க விட்டவள் நான்தான் என்பது கல்லில் வெட்டின மாதிரி நின்றுவிடும். என் வருத்தத்துக்குப் பெயர் தேடிக் கொண்டுவந்த டொக்டரின் துண்டுக் கடதாசியை நான் ஒருவருக்கும் காட்டப்போவதில்லை. அதை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. எரியட்டும். அம்மாவுக்கு இன்னும் இதைச் சொல்லவில்லை, சொன்னால் என்னைத்தான் அடிப்பா.

தெய்வத்தின் பெயரால் பொய் சொல்வதா என்று உங்களுக்குத் தயக்கம் வரலாம். அம்மாளாச்சியிடம் நான் நேற்றே கேட்டுவிட்டேன். அவவும் ஒரு பொம்பிளை, அவவுக்கு விளங்கும். பாவம் ஏதும் இருந்தால் என் கணக்கில் எழுதட்டும்.

உங்களைக் குறை சொல்லி முடிக்க விருப்பம் இல்லை. நேரத்துக்குச் சாப்பிடுங்கள், குளிருக்குள் கவனமாக இருங்கள். யதுவின் அப்பா நல்லாக இருந்தால்தான் யதுவும் நல்லாக இருப்பாள். வெள்ளிக்கிழமையை மறக்கவேண்டாம். சொல்லும்போது என்னைப் பற்றி என்ன வேண்டுமென்றாலும் சேர்த்துச் சொல்லுங்கள், பாவம் பார்க்கவேண்டாம். என் தலையில் எவ்வளவு கூடப் போடுகிறீர்களோ, அவ்வளவு கெதியாக மாமி நம்புவார்.

இப்படிக்கு,
யதுவின் அம்மா,
சுமித்திரா